சொல் வேண்டல்: அறிவும் அதன் நியாயமும் சார்புடையவையா?

மண்டபம் ஆசிரியர்:
அன்புடையீர், எங்கள் மெய்யியல் பாடக்குறிப்பு திங்களன்று அச்சுக்குப் போகிறது. அறிவும், அதை அறிவென ஏற்பதற்கான நியாயமும் அவரவர் நெறியைப் பொறுத்தவையே என்னும் கொள்கைக்கு ‘அறிவுச் சார்பியல்’ என்றேன். மாணவர்கள் ஐன்ஸ்டைனைத் தேடிப் போய்விட்டனர். வேறு சொல் உண்டா? எடுத்துக்காட்டாகக் கடலட்டை என்னும் கடலுயிரியைப் பிடிக்க 2001 முதல் உள்ள தடையைத் தர எண்ணுகிறேன். அட்டை அருகிவிட்டது என்கிறது அரசுத் தரப்பு. கடலில் மூழ்கும் நம் மீனவரோ நிறையக் கிடக்கிறது என்கின்றனர்.

தொண்டிப் புலவர்:
‘அளவைச் சார்புவாதம்’ எனலாம்; அளவை என்பது காட்சி, அனுமானம் போன்ற அறியும் வழி. வியாசர் பத்து, கிருதகோடி எட்டு, சைமினி ஆறு என அளவைகளை வகுத்ததாக மணிமேகலை சொல்கிறது. அதில் வரும் பௌத்தத் துறவி அறவண அடிகளோ புத்தருக்கு இரண்டே என்கிறார். எதை அறிந்தோம் என்பதில் அன்று, எதைக் கொண்டு அறிவது என்பதிலேயே பிளவு. சார்பு என்றதும் பொய்யெனக் கொள்ளற்க: தொல்காப்பியர் மூன்றென்றும் நன்னூலார் பத்தென்றும் கூறும் சார்பெழுத்துகள் தனித்து நில்லாவிடினும் எழுத்துகளே. குற்றியலுகரத்தின் அரை மாத்திரை பற்றித் தனியே எழுதுவேன்.

கீழக்கரை அம்மையார்:
ஐயா, அந்தத் தனி மடலை அன்புகூர்ந்து தவிர்க்கலாம். அளவை என்றால் பிள்ளைகளுக்கு முகத்தலும் நீட்டலும்தான். நியாயம் மீன் ஏலத்திலும் புரியும் சொல். ‘நியாயச் சார்புவாதம்’ என்போம். மேலும், கடலட்டை இங்குப் பொருந்தாது. கண்ணால் காண்பதே சான்று என்பதை இரு தரப்பும் ஏற்கின்றன. எங்கே, எவ்வளவு கண்டது என்பதே வழக்கு, எண்ணிப் பார்த்தால் தீரலாம். மெய்யியலாளர் ஃபோகலின் 1985இல் விவரித்த ஆழ்ந்த முரண்பாட்டில் தீர்க்கும் வழியே வழக்குக்குள்ளாகிறது. புவி ஞாயிற்றைச் சுற்றுகிறதா என்பதில் மாறுபட்ட வானியலாளர் கலிலியோவும் கர்தினால் பெல்லார்மினும் இதற்கு ஓரளவு பொருந்துவர். ஆனால் மெய்யான நிறுவல் கிடைத்தால் மறைநூலுக்குக் கொண்ட பொருளை மீண்டும் ஆராய வேண்டும் என்று 1615 மடலில் பெல்லார்மினே ஒப்பியதால், அங்கும் பிளவு முழுமையானதன்று.

தொண்டிப் புலவர்:
நியாயம் ஒரு தரிசனத்தின், அதாவது மெய்யியல் நெறியின், பெயருமாகையால் குழப்பம் தரும். பிளவு முழுமையானதன்று எனத் தாங்கள் சொன்னது மணிமேகலையிலும் உண்டு. காட்சியையே நம்பும் பூதவாதியிடம், அனுமானமின்றி உன் தாய் தந்தையரை எப்படி அறிவாய் என்று காப்பியத் தலைவி மணிமேகலை கேட்கிறாள். ஒருவர் அளவையை அவர் வாழ்க்கையைக் கொண்டே கேள்வி கேட்க முடிகிறது. சார்புவாதிக்கு இதுவே கடினமான இடம்.

மண்டபம் ஆசிரியர்:
இன்னும் மறுமொழி எழுதுவோரில் பெரும்பாலோர் அளவையின் பக்கம். அதையே அச்சிட்டு, நியாயத்தை அடிக்குறிப்பில் தருகிறேன், கடலட்டையை நீக்குகிறேன்.

கீழக்கரை அம்மையார்:
என் மறுப்பைப் பதிவு செய்க. கடலட்டையை நீக்க வேண்டாம். ஆழமற்ற முரண்பாட்டுக்கு அதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது. சொல்லைப் பொறுத்தவரை, என் வகுப்பில் நியாயம் என்றே நடத்துவேன்.