அண்ணனும் தம்பியும் ஒரே தடத்தில்: மார்க்கெஸ் சகோதரர்களின் போட்டி மெய்யானதா?

வளைவுமுனை (கேள்வி):
மோட்டார் சைக்கிள் பந்தயத்தின் உலகப் போட்டியான மோட்டோஜிபியின் 2025 பருவத்தை முழுமையாகப் பார்த்தவர்களிடம் ஒரு கேள்வி. மார்க் மார்க்கெஸ் உலகப் பட்டம் வென்றார்; தம்பி அலெக்ஸ் இரண்டாம் இடம் பெற்றார். உயர்நிலைப் பிரிவின் பட்டியலில் உடன்பிறந்தோர் முதலிரண்டு இடங்களைப் பிடித்தது அதுவே முதல் முறை. ஆனால் பந்தயம் முடிந்ததும் இருவரும் கட்டித் தழுவிக்கொள்வதைப் பார்க்கும்போது, தம்பி எங்காவது விட்டுக்கொடுத்திருப்பாரோ என்ற ஐயம் எழுகிறது. என் மகன்கள் இருவரும் மாவட்ட அளவிலான சைக்கிள் போட்டிகளில் கலந்துகொள்கிறார்கள். ஒருவன் வென்றால் மற்றவன் அன்று சாப்பிடக்கூட உட்காருவதில்லை. மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டும் வேகத்தில் ஒருவரையொருவர் முந்தும் இருவருக்குள் மனக்கசப்பே வராதா? வந்தால் அதை எப்படித் தீர்த்துக்கொள்வார்கள்?

ரேஸ்விரும்பி:
விட்டுக்கொடுத்தார் என்பதை என்னால் ஏற்க முடியாது. பருவத்தின் முதல் பந்தயமான தாய்லாந்தின் புரிராமை நினைவுபடுத்திப் பாருங்கள். முன்னணியில் ஓடிக்கொண்டிருந்த மார்க், ஏழாவது சுற்றில் தானாகவே வேகத்தைக் குறைத்துத் தம்பியை முன்னே போகவிட்டார். அது பாசத்தால் செய்தது அன்று. முன் டயரின் காற்றழுத்தம் விதித்த அளவுக்குக் கீழே இருந்தால் ஓட்ட நேரத்தில் 16 விநாடி தண்டனையாகக் கூட்டப்படும். இன்னொரு வண்டியின் பின்னால் நெருங்கி ஓடினால் டயர் சூடாகி அழுத்தம் ஏறும் என்பதால் அவர் அப்படிச் செய்தார். அதன்பின் நெடுநேரம் அலெக்ஸின் பின்சக்கரத்தை ஒட்டியே வந்து, மூன்று சுற்றுகளே எஞ்சியிருந்தபோது முந்திச் சென்று வென்றார். தம்பியின் முதுகைத் தன் டயருக்கு அடுப்பாகப் பயன்படுத்தியவர் என்றுதான் நான் சொல்வேன். அதில் தவறும் இல்லை. வேறு யார் முன்னால் இருந்திருந்தாலும் அதையேதான் செய்திருப்பார்.

தம்பியும் சளைத்தவர் அல்லர். முதல் மூன்று சுற்றுப்போட்டிகளின் ஸ்பிரின்ட் என்ற குறும்பந்தயம், முதன்மைப் பந்தயம் ஆகிய ஆறிலும் இரண்டாமிடம் பெற்று, ஒரு வெற்றிகூட இல்லாமலே புள்ளிப் பட்டியலில் முதலிடத்துக்கு வந்தார். பின்னர் ஸ்பெயினின் ஹெரெஸில், மார்க் விழுந்த பந்தயத்தில், மோட்டோஜிபியில் தன் முதல் வெற்றியைப் பெற்றார். செப்டம்பரில் பார்சிலோனாவில் நடந்தது அதைவிட அழுத்தமானது. சனிக்கிழமை ஸ்பிரின்டில் முன்னணியில் இருந்தபோது தவறி விழுந்து, வெற்றியை அண்ணனிடம் பறிகொடுத்தார். மறுநாளே, தொடர்ந்து ஏழு முதன்மைப் பந்தயங்களை வென்றிருந்த அதே அண்ணனை, சொந்த மண்ணின் ரசிகர்கள் முன்னிலையில் நேருக்கு நேர் ஓடித் தோற்கடித்தார். அதுவும் முந்தைய ஆண்டின் டுகாட்டி வண்டியில்.

பழைய ரசிகன்:
மேலே சொன்னதெல்லாம் சரிதான். ஆனால் கசப்பு பற்றிய கேள்விக்கு விடை தடத்தில் இல்லை. 2020ஆம் ஆண்டில் இருக்கிறது என்பது என் கருத்து. அந்த ஆண்டு அலெக்ஸ், அண்ணனின் ரெப்சால் ஹோண்டா அணியில் சேர்ந்தார். பருவத்தின் முதல் பந்தயத்துக்குச் சில நாள்களுக்கு முன்பே, அடுத்த ஆண்டு அந்த இடம் 'போல் எஸ்பர்காரோ' என்ற வீரருக்கு என்று ஹோண்டா அறிவித்துவிட்டது. ஒரு பந்தயம்கூட ஓடாத நிலையில் இடம் பறிபோனது. அண்ணனின் தயவால் வந்தவர் என்ற பேச்சும் அவரைத் துரத்தியது. அதே வாரம் ஹெரெஸில் மார்க்கின் வலது மேற்கை எலும்பு முறிந்தது. அதன் பிறகு நான்கு அறுவைச் சிகிச்சைகள்.

இதன் மறுபாதி 2024இல் நடந்தது. எட்டு உலகப் பட்டங்கள் வென்ற மார்க், ஒப்பந்தக் காலம் முடியும் முன்பே ஹோண்டாவை விட்டு விலகி, தம்பி முந்தைய ஆண்டே சேர்ந்திருந்த க்ரெசினி என்ற சிறிய அணிக்கு வந்தார். அண்ணனின் அணிக்குத் தம்பி போன கதை, தம்பியின் அணிக்கு அண்ணன் வந்ததாக மாறியது. இருவருக்கும் இடையே ஏதேனும் கணக்கு பாக்கியிருந்திருந்தால், அது அணியின் வண்டிகள் நிற்கும் அந்த ஒரே கொட்டகைக்குள் நேராகியிருக்கும் என்றே நான் நம்புகிறேன்.

வடகரை:
எல்லாக் குடும்பத்துக்கும் இவ்வளவு காலம் கிடைப்பதில்லை. வட அயர்லாந்தின் டன்லப் சகோதரர்களையும் நினைக்க வேண்டும். 2008 மே 15 அன்று நார்த் வெஸ்ட் 200 என்ற சாலைப் பந்தயத்தின் 250சிசி பயிற்சி ஓட்டத்தில் ராபர்ட் டன்லப் இறந்தார். இரண்டு நாள் கழித்து அதே 250சிசி பந்தயத்தில் அவருடைய மகன்கள் வில்லியமும் மைக்கேலும் வரிசையில் வந்து நின்றனர். வில்லியமின் வண்டி தொடக்கத்துக்கு முந்தைய சுற்றிலேயே பழுதாகி நின்றுவிட்டது. 19 வயது மைக்கேல் அண்ணன் இல்லாமலே ஓடி அந்தப் பந்தயத்தை வென்றார். பின்னர் பல ஆண்டுகள் இருவரும் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுக்காமல் ஓடினார்கள். 2018இல் அயர்லாந்தின் ஸ்கெரீஸ் சாலைப் பந்தயத்தின் பயிற்சி ஓட்டத்தில் வில்லியமும் இறந்துபோனார். பந்தயம் முடிந்ததும் கட்டித் தழுவுவதைக் காட்சிக்காகச் செய்வதென்று நினைக்க எனக்கு மனம் வரவில்லை. கொடி விழுந்த பின் உடன்பிறந்தவன் முழு உடலோடு திரும்பி வந்திருக்கிறான் என்பதே அவர்களுக்கு முதல் செய்தி.

வளைவுமுனை:
அனைவருக்கும் நன்றி. புரிராம் பற்றிய விளக்கம் என் ஐயத்தைப் போக்கிவிட்டது. மகன்கள் விஷயத்தில் மட்டும் இன்னும் தெளிவில்லை. இருவருக்கும் மூன்று வயது இடைவெளி.

ரேஸ்விரும்பி:
மார்க்கெஸ் சகோதரர்களுக்கும் அதே மூன்று வயது இடைவெளிதான். ஆனால் 2014இல் அண்ணன் மோட்டோஜிபியிலும் தம்பி அதற்கு இரண்டு படி கீழான மோட்டோ3 பிரிவிலும் பட்டம் வென்றார்கள். 2019இல் தம்பி இடைப் பிரிவான மோட்டோ2 பட்டமும் பெற்றார். உலகப் போட்டியில் ஒரே பிரிவில் எதிரெதிரே நின்றது அதற்குப் பிறகே. தம்பி அப்போதே தன் பெயரில் இரண்டு பட்டங்கள் வைத்திருந்தார். உங்கள் மாவட்டத்தில் வயதுப் பிரிவுகள் தனித்தனியாக இருந்தால், இளையவனை இன்னும் சில ஆண்டுகள் அவன் பிரிவிலேயே ஓடவிடுங்கள். பயிற்சியை மட்டும் இருவரும் சேர்ந்து செய்யட்டும்.