ரெண்டு வீட்டு லேன் வயரையும் வைஃபை வழியா ஒண்ணாக்க முடியுமா?

கேள்வி (தக்கலை):
முன்வீட்டில் ஃபைபர், ரூட்டர். 40 மீட்டர் தள்ளிப் பின்வீட்டில் ரெண்டாவது ரூட்டர், சுவிட்ச். சுவிட்சில் டிவி, பிரிண்டர், கேமரா ரெக்கார்டர். நடுவில் தென்னந்தோப்பு. ரெண்டாவது ரூட்டரை கிளையன்ட் மோடில் (முன்வீட்டு வைஃபையில் போன் மாதிரி சேர்றது) போட்டா அதுக்கு மட்டும் நெட் வருது, சுவிட்சில் எதுக்கும் ஐபி (நெட்வொர்க் முகவரி) கிடைக்கல. ரெண்டிலும் ஓபன்டபிள்யூஆர்டி (ரூட்டருக்கான இலவச மென்பொருள்). எதை விட்டுட்டேன்?

பதில் (மார்த்தாண்டம்):
சாதாரண கிளையன்ட் அனுப்பும் ஃபிரேமில் (வைஃபையில் போற டேட்டா பொட்டலம்) மூணு மேக் முகவரிக்குத்தான் (கருவியோட அடையாள எண்) இடம் அண்ணே. பின்னாடி நிக்கிற டிவியோட முகவரிக்கு நாலாவது இடம் வேணும், அதைத் தர்ற முறைதான் டபிள்யூடிஎஸ்.

முதல்ல பின்வீட்டு ரூட்டரின் லேன் ஐபியை 192.168.1.2 ஆக்கி, டிஹெச்சிபியை (ஐபி பங்கிட்டுக் கொடுக்கிற வேலை) அணைங்க, அதை முன்வீட்டு ரூட்டரே பார்த்துக்கும். ரெண்டும் 192.168.1.1-ல் நின்னா மோதும். அப்புறம் முன்வீட்டில் 'அக்சஸ் பாயின்ட் டபிள்யூடிஎஸ்', பின்வீட்டில் 'கிளையன்ட் டபிள்யூடிஎஸ்'. கிளையன்ட் சேர்க்கும்போது அது தானா தனி நெட்வொர்க் உருவாக்கும். அதை எடுத்துட்டு 'லேன்' தேர்ந்தெடுங்க. முக்கால்வாசிப் பேர் தடுக்கி விழுறது இங்கேதான். சுவிட்ச் வயர் லேன் போர்ட்டில், வேன் (WAN, வெளி நெட் வர்ற) போர்ட்டில் இல்ல. முன்வீட்டில் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை சேனலை ஆட்டோவில் விடாதீங்க, 36 வைங்க.

பதில் (குளச்சல்):
மழையில் நனைஞ்ச ஓலை 5 கிகாஹெர்ட்ஸை நல்லாவே குடிக்கும். ரூட்டரை மாடியில் வைக்காம, ஓலைக்குக் கீழே, மரத்தடிகளுக்கு இடையில் ஜன்னல் ஜன்னலைப் பார்க்கிற மாதிரி வைங்க. சிக்னல் -65 டிபிஎம்-க்கு மேல (-60, -55 மாதிரி) நின்னா கேமராவுக்குத் தாராளம். சோதிக்கிறேன்னு ரெண்டு ரூட்டரையும் வயராலயும் இணைச்சிடாதீங்க, லூப் ஆகும் (ஒரே டேட்டா வட்டமா சுத்திக்கிட்டே இருக்கும்): சுவிட்ச் லைட் எல்லாம் ஒண்ணா வெறிபிடிச்ச மாதிரி மின்னும், நெட் மொத்தமா நின்னுடும்.

கேள்வி கேட்டவர்:
'லேன்' மாத்தினதும் டிவிக்கு ஐபி வந்துட்டு. ரொம்ப நன்றி அண்ணே.