கலைச்சொல்: ‘ரீபாலன்சிங்’, வெள்ளிக்கு முன் ஒரு சொல் வேண்டும்

கல்லடி, மொழிபெயர்ப்பாளர்:
தனியார்துறை ஊழியருக்கான ஓய்வுகாலச் சேமிப்புக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ‘போர்ட்ஃபோலியோ’வுக்கு ‘முதலீட்டுக் கலவை’ என்று ஒத்துக்கொண்டோம். விலை அசைந்து மாறிய கலவையை முன்பு தீர்மானித்த விகிதத்துக்குத் திரும்பக் கொண்டுவரும் ‘ரீபாலன்சிங்’தான் இன்னும் இழுபடுகிறது. வரைவில் ‘மீள்சமநிலைப்படுத்தல்’ என்று போட்டேன். வாசித்தவர்கள் விளங்கவில்லை என்கிறார்கள்.

கல்முனை, கணக்கியல் ஆசிரியை:
நீளத்தை விடுங்கள், ‘சம’ தான் பிழை. எங்கள் மாணவருக்குச் சமப்படுத்தல் என்றால் பேரேட்டில் இரு பக்கமும் ஒரே தொகையாக்குவது. இதை வாசிப்பவர் வைப்பில் பாதி, பங்கில் பாதி என்று பிரித்துவிடுவார். நாம் சொல்ல வருவது, அவரவர் முன்பே தீர்மானித்த விகிதத்துக்குத் திரும்புவதை.

கையேட்டு உதாரணத்தையே எடுங்கள். ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதியம்) 18 இலட்சம், நிலையான வைப்பு 3 இலட்சம், பங்குகள் 9 இலட்சம், ஆக நிலையான பக்கத்துக்கும் பங்குக்கும் 70:30. பங்குகள் 40% ஏறினால் அவை 12.6 இலட்சம், மொத்தம் 33.6, பங்கின் வீதம் 37.5. 30இலிருந்து 5 சதவீதப் புள்ளி வரைதான் விலகலாம் என்று எல்லை வைத்திருந்தால் தாண்டிவிட்டது. 2.52 இலட்சத்துக்கு விற்று வைப்பில் போட்டால் மறுபடி 30. இதில் எது எதற்குச் சமன்?

களுவாஞ்சிகுடி, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
‘சமன்செய்து சீர்தூக்குங் கோல்போல்’ என்று குறள் 118 கையில் கிடக்க ஏன் அலைகிறீர்கள்? ‘சீர்தூக்கல்’ என்று வையுங்கள். சீரும் தூக்கும் தொல்காப்பியச் செய்யுளியல் எண்ணும் உறுப்புகளுங்கூட; ‘மரபே தூக்கே தொடைவகை எனாஅ’. செய்யுளிலும் ஒவ்வோர் உறுப்புக்கும் அளவு உண்டு, மீறினால் ஓசை கெடும். அளவு என்ற கருத்து அந்தச் சொல்லிலேயே ஊறிக் கிடக்கிறது.

அக்கரைப்பற்று, வங்கி அலுவலர்:
சேர், சொல்லில் குறையில்லை. ஆனால் ‘சீர்தூக்கிப் பாருங்கள்’ என்றால் யோசித்துப் பாருங்கள் என்றுதான் சனம் எடுக்கும். யோசித்ததோடு நின்றால் காசு இடம் மாறாது.

இன்னொன்று, விற்பது மட்டுமே வழியில்லை. கொழும்புப் பங்குச் சந்தையில் சாதாரண அளவு விற்பனைக்குக் கட்டணம் 1.12%, 2.52 இலட்சத்துக்கு ஏறக்குறைய 2,820 ரூபா. சம்பளம் 1 இலட்சம் என்றால் தொழில்தருநரின் 12%, ஊழியரின் 8% சேர்ந்து மாதம் 20,000 தானாகவே ஈபிஎஃப்க்குப் போகிறது. அந்தக் காசு பெரும்பாலும் அரச பிணையங்களில், அதாவது அரசின் கடன் பத்திரங்களில், இருப்பதால் நிலையான பக்கத்தில் எண்ணலாம். மேலதிகமாக 15,000 வைப்பில் போட்டால், விலை மேலும் அசையாவிட்டால், 24 மாதத்தில் ஒன்றையும் விற்காமலே 70:30க்கு வரலாம். சொல் இந்த வழியையும் உள்ளடக்க வேண்டும்.

சம்மாந்துறை, விவசாய உத்தியோகத்தர்:
அப்போ ‘நிரவல்’ சரிவரும். வட்டையில் உழுது நிரவும்போது மேட்டு மண்தானே பள்ளத்துக்குப் போகிறது? இங்கே எல்லாருக்கும் தெரிந்த சொல்.

கல்முனை, கணக்கியல் ஆசிரியை:
நிரவினால் வயல் மட்டமாகும். திரும்பவும் 50:50 என்ற பிழைதான்.

கல்லடி, மொழிபெயர்ப்பாளர்:
‘மறுசீரமைப்பு’? ‘கலவை மீட்டல்’?

அக்கரைப்பற்று, வங்கி அலுவலர்:
முதலாவது வேண்டவே வேண்டாம். 2023 உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பில் ஈபிஎஃப் வைத்திருந்த திறைசேரி முறிகளும் மாற்றப்பட்டன. அந்தச் சொல்லைக் கண்டால் நிதியத்தில் திரும்பவும் கைவைக்கிறார்கள் என்று பயப்படுவார்கள். ‘மீட்டல்’ அடகு நகைக்கு.

கையேட்டில் ஒரு குறையையும் சொல்ல வேண்டும். ஏற்றத்தை மட்டும் காட்டுகிறது. அதே 9 இலட்சம் 40% விழுந்தால் 5.4, மொத்தம் 26.4, 30%க்கு வர 2.52 இலட்சத்துக்குப் பங்கு வாங்க வேண்டும். ஈபிஎஃப்இல் இருந்து எடுக்க ஏலாது. பொதுவாக ஆண்களுக்கு 55, பெண்களுக்கு 50 வயது ஆகவேண்டும். இடையில் 30% எடுக்கும் வழி வீட்டுக்கும் மருத்துவத்துக்கும்தான். அசையக்கூடியது அந்த 3 இலட்ச வைப்பு மட்டும். அதை ஒரே வைப்பாகப் போட்டு இடையில் முறித்தால் வட்டி குறையும். 1 இலட்சமாக மூன்றாக்கி, நான்கு மாத இடைவெளியில் முதிர விடச் சொல்லுங்கள். அவசரச் செலவுக் காசு இந்தக் கணக்கில் சேராது என்பதையும் தடித்த எழுத்தில் போடுங்கள்.

கல்லடி, மொழிபெயர்ப்பாளர்:
போடுகிறேன் காக்கா. அப்படியென்றால் ‘விகிதம் பேணல்’? கணக்கேடு பேணல், பதிவேடு பேணல் எல்லாம் வழக்கில் உள்ளவை. விற்பதும் அடங்கும், புதிய காசைத் திருப்புவதும் அடங்கும்.

சம்மாந்துறை, விவசாய உத்தியோகத்தர்:
சரி. நிரவலை விட்டுவிடுகிறேன்.

அக்கரைப்பற்று, வங்கி அலுவலர்:
எனக்கும் சம்மதம்.

களுவாஞ்சிகுடி, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
‘விகிதம்’ வடசொல். ‘அளவு பேணல்’ என்றாலும் பொருள் வருமே.

கல்முனை, கணக்கியல் ஆசிரியை:
அளவு என்றால் தொகை ஆகிவிடும் சேர். தரம் 6 பிள்ளைக்கும் விகிதம் தெரியும், அது இருக்கட்டும். என் மறுப்பு வேறு: பேணல் ஆண்டு முழுக்க நடப்பது. எல்லை தாண்டிய அன்று செய்யும் அந்த ஒரு செயலுக்கு ‘விகிதம் திருப்பல்’ என்று தனிச்சொல் வேண்டும். தலைப்பில் பேணல் இருக்கட்டும். 4ஆம் பக்கப் படிமுறையில் அதையே போட்டால், எந்தத் திகதியில் என்ன செய்வது என்று வாசிப்பவர் கேட்பார்.

கல்லடி, மொழிபெயர்ப்பாளர்:
நான்கு பேரில் மூவர் பேணல் பக்கம் என்றுதான் எடுக்கிறேன் டீச்சர். 4ஆம் பக்கத்தை நாளை இரவு வரை திறந்து வைத்திருக்கிறேன்.