உதவி: 4எல் போட்டும் இறக்கத்தில் வண்டி நிற்காமல் ஓடுகிறது

காபிக்காடு: அவசரம். தாண்டிக்குடி பக்கம் தோட்டப் பாதை. உச்சியில் நிறுத்தி 4எல்லுக்கு (நாலு சக்கரமும் மெதுவாக, அதிக விசையோடு சுழலும் லோ ரேஞ்ச்) மாற்றினேன். முதல் கியரிலும் வண்டி பிடிமானமில்லாமல் ஓடுகிறது. பிரேக்கில் கருகல் வாடை. பாதி இறக்கத்தில் நிற்கிறேன்.

மலைச்சாரல்: என்ன வண்டி? மேனுவலா, ஆட்டோமேட்டிக்கா? தரை ஈரமா?

பழைய ஜீப்: பிரேக் ஆயில்தான். பழைய ஆயில் ஈரத்தை உறிஞ்சியிருக்கும்; சூடேறினால் கொதித்து பெடல் தொளதொளத்துவிடும். கடைசியாக எப்போது மாற்றினீர்கள்?

டயர்பித்தன்: டயரில் காற்றைக் குறையுங்கள். பிடிப்பு கூடும்.

பழைய ஜீப்: சரிவில் நிற்பவரையா காற்றிறக்கச் சொல்கிறீர்கள்?

கியர்ராஜா: 4எல் என்றால் என்னவென்று அறியாமலே மலையேறுகிறார்கள். லோ ரேஞ்சில் இன்ஜின் வண்டியை இழுத்துப் பிடிக்கும் விசை 2 முதல் 2.5 மடங்கு கூடும். வண்டி ஓடவே ஓடாது. கிளட்சை மிதித்துக்கொண்டே இறங்கியிருப்பார்.

காபிக்காடு: மேனுவல், டீசல். கிளட்சில் கால் இல்லை. காய்ந்த மண், சில இடங்களில் கல்.

மலைச்சாரல்: டாஷ்போர்டில் 4எல் விளக்கு எரிகிறதா? 4எச்சுக்கும் (நாலு சக்கர ஓட்டத்தின் சாதாரண வேக நிலை) 4எல்லுக்கும் நடுவே பல வண்டிகளில் ஒரு நியூட்ரல் உண்டு. இவற்றை மாற்றும் சின்ன நெம்பு அங்கே நின்றுவிட்டால் இன்ஜினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பே இராது. முதல் கியரும் பிடிக்காது, கியரில் போட்டு நிறுத்தினாலும் நிற்காது. கால் பிரேக்கை விடாதீர்கள், கைப்பிரேக்கையும் இழுங்கள். உடன் வந்தவர் இருந்தால், ஓரமாக நின்று முன்சக்கரங்களுக்குக் கல் வைக்கட்டும். பிரேக் ஆறட்டும். பிறகு கிளட்சை முழுதும் மிதித்து, பெரிய கியரை நியூட்ரலில் வைத்து, சின்ன நெம்பைக் கடைசிவரை தள்ளுங்கள். விளக்கு நிலையாக எரிந்த பிறகே கல்லை எடுத்து, முதல் கியரில் இறங்குங்கள்.

தோட்டத்து ஜீப்: எதிரே வண்டி வந்தால் ஏறி வருபவருக்கு வழி விட வேண்டும், மறக்காதீர்கள்.

கியர்ராஜா: தோட்டப் பாதையில் அந்தச் சட்டம் எதற்கு? ஒதுங்க இடம் யாருக்கு அருகில் இருக்கிறதோ அவரே ஒதுங்க வேண்டும்.

தோட்டத்து ஜீப்: 2017 ஓட்டுதல் ஒழுங்குமுறைகளிலேயே இருக்கிறது. சரிவில் நின்றுபோனவர் மறுபடி ஏறுவது எவ்வளவு பாடு!

கியர்ராஜா: இறங்குபவர் செங்குத்தில் பின்னோக்கி ஏறுவது மட்டும் எளிதா?

காபிக்காடு: விளக்கு இப்போது எரிகிறது. கீழே வந்துவிட்டேன். நன்றி.

பழைய ஜீப்: முன்பு எரிந்ததா, இல்லையா? எதற்கும் பிரேக் ஆயிலை மாற்றிவிடுங்கள்.

தோட்டத்து ஜீப்: கியர்ராஜா, பளு ஏற்றிய ஜீப்பில் ஒருமுறை ஏறி வந்துவிட்டுப் பேசுங்கள்.