மீட்டு வந்த நாய் கட்டிலுக்கு அடியிலேயே கிடக்கிறது, என்ன செய்யலாம்?

கேள்வி:
தெருவில் இருந்து மீட்ட ஒரு பெண் நாயை, நிரந்தரமாக வளர்க்க ஆள் கிடைக்கும்வரை வீட்டில் வைத்துக்கொள்கிறோம் என்று சொல்லி அழைத்து வந்தோம். வந்ததில் இருந்து கட்டிலுக்கு அடியில் சுருண்டு கிடக்கிறது. நாங்கள் இருந்தால் சாப்பாட்டைத் தொடுவதில்லை, ராத்திரி விளக்கை அணைத்த பிறகுதான் தட்டு காலியாகிறது. கையை நீட்டினால் உதட்டை நக்கிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. எங்கள் பழைய நாயை வேறு அறையில் வைத்திருக்கிறேன். இதை வெளியே இழுத்து மடியில் வைத்துப் பழக்கினால் பயம் தெளியுமா?

பதில்:
இழுக்கவே இழுக்காதீர்கள். உதட்டை நக்குவதும் முகம் திருப்புவதும் கொட்டாவி விடுவதும், கிட்டே வர வேண்டாம் என்று அது கெஞ்சுவதுதான். அதைக் கவனிக்காமல் போனால் உறுமும், அதையும் மீறினால் கடிக்கும். உறுமினால் அதட்டாதீர்கள், அப்புறம் உறுமாமலே கடிக்கப் பழகிவிடும். ராத்திரியாவது சாப்பிடுகிறதே, அது நல்ல விஷயம். தினமும் கொஞ்ச நேரம் அதே அறையில் தரையில் பக்கவாட்டாக உட்கார்ந்து உங்கள் பாட்டுக்கு எதையாவது படியுங்கள், இடையிடையே வேகவைத்த கறித்துண்டு ஒன்றை அதன் பக்கம் போடுங்கள், திரும்பிப் பார்க்காதீர்கள். அதுவாக வந்து முகர்ந்தாலும் உடனே தலையைத் தடவப் போக வேண்டாம். குளிப்பாட்டுவது, உறவினரைக் கூப்பிட்டுக் காட்டுவது எல்லாம் பிறகு பார்க்கலாம்.

பதில்:
தனி அறையில் வைத்தது சரி, இரண்டு வாரமாவது அப்படியே இருக்கட்டும். நாய்களுக்குக் கடும் வாந்தி, பேதி உண்டாக்கும் பார்வோ வைரஸ் தொற்றியிருந்தால் அறிகுறி தெரியச் சில நாள், சில சமயம் இரண்டு வாரம்கூட ஆகும். உங்கள் நாய்க்குத் தடுப்பூசி விட்டுப்போயிருந்தால் முதலில் மருத்துவரிடம் கேளுங்கள். தட்டு, விரிப்பு எல்லாம் தனித்தனி. பிறகு இரண்டையும் வீட்டுக்குள் நேருக்கு நேர் நிறுத்தாமல், வெளியே ஆளுக்கு ஒன்றைப் பிடித்துக்கொண்டு நல்ல இடைவெளி விட்டு ஒரே திசையில் நடங்கள். பயந்த நாய் கழுத்துப்பட்டையைப் பின்பக்கமாக உருவிக்கொண்டு ஓடிவிடும், அதனால் மார்பைச் சுற்றி மாட்டும் வாரான ஹார்னஸும் கழுத்துப்பட்டையும் சேர்த்துப் போட்டு இரண்டிலும் கயிறு மாட்டுங்கள்.

கேள்வி கேட்டவர்:
ரொம்ப நன்றி. மடியில் வைக்கும் யோசனையை விட்டுவிட்டேன். ஆனால் பழகிய பிறகு இன்னொருவரிடம் கொடுத்தால் மறுபடி முதலில் இருந்து பயப்படாதா?

பதில்:
கொஞ்சம் பயப்படும், ஆனால் ஒரு முறை மனிதரை நம்பிய நாய்க்கு அடுத்த வீடு பெரும்பாலும் இவ்வளவு கஷ்டமாக இருக்காது. குக்கர் விசிலுக்கு நடுங்குகிறதா, குழந்தைகளைப் பார்த்தால் ஒதுங்குகிறதா, படியேறத் தெரியுமா, எதைக் கொடுத்தால் வருகிறது என்று இப்போதே குறித்து வையுங்கள். எடுத்துக்கொள்ள வருகிறவர்களிடம் ஒன்றையும் மறைக்காமல் சொல்லுங்கள், பொருந்தாத வீட்டுக்குப் போய்த் திரும்பி வருவதுதான் அதற்குப் பெரிய அடி. அது படுத்திருக்கும் விரிப்பையும் துவைக்காமல் கூடவே அனுப்புங்கள், பழகிய வாசனை இருக்கும்.