பழைய கேசட் வீடியோ: எந்த அமைப்பில் ஏற்றுமதி செய்வது?

மஞ்சக்குப்பம்: தேவனாம்பட்டினம் மாசி மகத் தீர்த்தவாரியை அப்பா டிஜிட்டல் கேசட்டில் எடுத்திருந்தார். கணினிக்கு மாற்றினால் ஒரு மணி நேரத்துக்கு 13 ஜிபி! சாமி அசையும்போதெல்லாம் விளிம்பில் சீப்புப் பல் போலக் கோடுகள் வேறு. சிங்கப்பூர் அத்தைக்கு அனுப்ப வேண்டும். 4கே-வில் போட்டால் சரியாகுமா?

முத்தியால்பேட்டை: ஆகாது. மூலமே 720 × 576 புள்ளிகள்தான். இல்லாத விவரம் எங்கிருந்து வரும்? கோடுகளுக்கு மருந்து ‘டீஇன்டர்லேஸ்’: ஒன்றுவிட்டு ஒன்றாகப் பிரித்துப் பதிவான வரிகளை முழுப் படமாக்குவது. கோப்பு எம்பி4, படத்தைச் சுருக்க எச்.264, ஒலிக்கு ஏஏசி. நொடிக்கு 4 மெகாபிட் வைத்தால் 2 ஜிபிக்குள் அடங்கும். நொடிக்கு 25 ஃபிரேம் (படம்) என்பதை 30 ஆக்காதீர்கள், பல்லக்கு தத்தித் தத்தி நகரும்.

நெல்லித்தோப்பு: வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் மறுபடி நசுக்கிவிடும். ‘டாகுமெண்ட்’ ஆக அனுப்புங்கள். இல்லையேல் யூடியூபில் ‘அன்லிஸ்டட்’ (இணைப்பு இருப்பவர் மட்டும் பார்க்கலாம்). அந்த 13 ஜிபி மூலத்தை அழித்துவிடாதீர்கள்.

மஞ்சக்குப்பம்: அத்தைக்கு டாகுமெண்ட் எல்லாம் ஒத்துவராது. யூடியூப்தான்.