அம்மாவுக்கு 'டா வின்சி கோட்' போட்டுக் காட்டலாமா?

மூஞ்சிக்கல்காரி:
கொடைக்கானல் மக்களே, முக்கியமாகக் கத்தோலிக்க வீட்டு ஆட்கள், ஒரு யோசனை சொல்லுங்கள். லீவுக்கு வந்த என் மகன், இயேசுவுக்கும் அவருடைய சீடர் மகதலா மரியாவுக்கும் கல்யாணம் நடந்ததாகக் கதை சொல்லும் இந்த ஆங்கில சினிமாவை ஹாஸ்டலில் பார்த்துவிட்டு வந்து, சாப்பாட்டு மேசைக்கு மேலே மாட்டியிருக்கும், லியோனார்டோ டா வின்சி வரைந்த இராவுணவு ஓவியத்தின் அச்சுப் படத்துக்குக் கீழே ஸ்டூலைப் போட்டு ஏறி நின்று, இயேசுவுக்குப் பக்கத்தில் இருப்பது யோவான் இல்லை, மகதலா மரியா என்று பாட்டியிடம் சொல்லிவிட்டான். கண்ணாடிக்குள் ஈரம் இறங்கி (இந்த ஊர் மழையில் எந்தப் படம்தான் தப்பிக்கிறது) அந்த இடமே பழுப்பாகக் கிடக்கிறது, அதில் ஆண் எது பெண் எது. அம்மா கோபப்படுவார் என்று பார்த்தால், "அந்த சினிமாவை எனக்கும் போட்டுக் காட்டு" என்கிறார். 2006-இல் படம் வந்தபோது அதைப் பார்ப்பதே பாவம் என்று பக்கத்து வீடுகள் கூடி ஜெபிக்கும் அன்பியக் கூட்டத்தில் பேசிக்கொண்டதும், அரசாங்கம் தடை போட்டதும் அவருக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஜெபமாலை சொல்லாமல் படுக்காதவர், மூட்டு வலியோடு ஆகஸ்டில் சலேத் மாதா திருவிழாவுக்கு ஏறிப் போகிறவர். பார்த்தவர்கள் சொல்லுங்கள், உங்களுக்கு எப்படி இருந்தது? மனம் புண்படுமா, இல்லை சும்மா ஊதிப் பெரிதாக்கினார்களா?

பாம்பார்புரம் அண்ணன்:
தங்கச்சி, மனம் புண்படுவதற்கு முன்னால் தூக்கம் வந்துவிடும். 149 நிமிடம். டாம் ஹாங்க்ஸ் ஓடுவார், நின்று பாடம் நடத்துவார், மறுபடி ஓடுவார். அந்த வருடம் பிரான்சின் கேன் திரைப்பட விழாவின் தொடக்கப் படமே இதுதான், அங்கே பத்திரிகைக்காரர்களுக்குப் போட்டுக் காட்டியபோது முக்கியமான ரகசியத்தை உடைக்கிற வசனத்துக்கே சிரித்துவிட்டார்கள். அப்படியும் உலகம் முழுக்க 75 கோடி டாலருக்கு மேல் வசூல், அதில் சண்டைக்கும் ஒரு பங்கு உண்டு என்பேன். நம் மலையில் டாம் ஹாங்க்ஸ் யாரென்றே தெரியாதவர்கள்கூட, தடை என்றதும் வத்தலகுண்டுக்கு இறங்குகிறவர்களிடம் சிடி வாங்கி வரச் சொல்லிவிட்டார்கள். பார்த்த பிறகு, "இதுக்குத்தானா?" என்று கேட்டவர்கள்தான் அதிகம்.

மறைக்கல்வி டீச்சர்:
பாம்பார்புரம் அண்ணன் சிரித்துக் கடந்துவிடுகிறார், எனக்கு அது முடியவில்லை. இயேசுவுக்குக் கல்யாணம் என்று யாரோ கதை கட்டியதில் எனக்குப் பெரிய வருத்தம் இல்லை, கதை கதைதான். இந்தப் படத்துக்கு மூலமான டான் பிரவுனின் நாவல் 2003-இல் வந்தபோது முதல் பக்கத்திலேயே 'உண்மை' என்று தலைப்புப் போட்டு, மரியாவின் ரகசியத்தைக் காப்பதாகக் கதையில் வரும் சீயோன் மடம் நிஜமான அமைப்பு, ஓவியங்கள் ஆவணங்கள் பற்றிய விவரமெல்லாம் சரியானவை என்று அச்சடித்தார்களே, எரிச்சல் அங்கேதான். 1099-இல் தொடங்கியது என்கிற அந்த மடத்தை 1956-இல் பிரான்சில் பியேர் பிளான்தார் என்பவர் பதிவு செய்தார். பழைய ரகசியப் பத்திரங்கள் என்று பாரிஸ் தேசிய நூலகத்தில் கொண்டுபோய் வைத்தவை எல்லாம் போலி. ஆயர்கள் கூடிய நிசேயா சங்கத்தைப் பற்றிச் சொல்வதும் அப்படித்தான். 325-இல் அங்கே ஓட்டுப் போட்டு இயேசுவைக் கடவுள் ஆக்கினார்களாம், அதுவும் மயிரிழையில் ஜெயித்ததாம். அங்கே பேசப்பட்ட, ஆரியுஸ் என்ற குரு கிளப்பிய பிரச்சினையே வேறு, மகன் தந்தையால் படைக்கப்பட்டவரா இல்லையா என்பது. கடைசியில் அவரோடு சேர்ந்து கையெழுத்துப் போடாமல் நின்ற ஆயர்கள் இரண்டே பேர்.

உங்கள் மகனிடம் ஒன்று கேளுங்கள்: இராவுணவுப் படத்தில் இயேசுவைத் தவிர பன்னிரண்டு பேர்தான் இருக்கிறார்கள். அது மரியா என்றால் யோவான் எங்கே போனார், பாத்திரம் கழுவவா? மீசை முளைக்காத பையனாக யோவானை வரைவது அந்தக் காலத்து ஃபிளாரன்ஸ் வழக்கம். உங்கள் வீட்டுப் படம் பழுத்துவிட்டது என்று வருத்தப்பட வேண்டாம், மிலான் சுவரில் இருக்கும் மூலமே லியோனார்டோ உயிரோடு இருந்தபோதே உதிர ஆரம்பித்துவிட்டது. ஈரச் சுண்ணாம்பில் வரையாமல் காய்ந்த சுவரில் வரைந்தார். அதில் கன்னத்தையும் கழுத்தையும் பார்த்து ஆராய்ச்சி செய்வது எனக்குச் சிரிப்பாக வருகிறது.

ஆனால் அம்மாவிடம் இதையும் சொல்லுங்கள். மகதலா மரியாவை விலைமகள் என்று பல நூறு வருடம் பிரசங்கம் செய்தது நம் திருச்சபைதான். நற்செய்தியில் எங்கேயும் அப்படி இல்லை, 591-இல் போப் பெரிய கிரகோரியார் ஒரு மறையுரையில், பாவியான ஒரு பெண் உட்பட நற்செய்தியின் மூன்று பெண்களை ஒருவராகச் சேர்த்துவிட்டார். 1969-இல் திருநாள் அட்டவணையைத் திருத்தியபோதுதான் அதை விட்டார்கள், 2016-இல் போப் பிரான்சிஸ் மரியாவின் நாளான ஜூலை 22-ஐ அப்போஸ்தலர்களுக்கு உள்ளது போலவே விழாவாக உயர்த்தினார். படம் பார்த்த கோபத்தில் இந்தப் பக்கத்தை யாரும் பேசவில்லை. மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகள் கேட்டபோது நான் பேசினேன், அதற்காக எனக்குக் கொஞ்சம் திட்டும் கிடைத்தது.

பண்ணைக்காடு வக்கீல்:
தடை பற்றிப் பாதிதான் பேசுகிறீர்கள். டெல்லியில் மத்திய அமைச்சரும் கத்தோலிக்கப் பிரதிநிதிகளும் முதலில் பார்த்து, 'ஏ' சான்றிதழோடு, தொடக்கத்திலும் முடிவிலும் 'இது கற்பனை' என்று அறிவிப்புப் போட்டுத்தான் மே மாதம் இந்தியாவில் வெளியிட்டார்கள். ஜூனில் நம் மாநில அரசு திரையிடலை நிறுத்தியது. படக் கம்பெனி சென்னை உயர் நீதிமன்றம் போனது, ஜூலையில் நீதிபதி பிரபா ஸ்ரீதேவன் அந்த ஆணையை ரத்து செய்தார். கலவரம் வரும் என்ற பயத்தைக் காட்டி, தணிக்கை முடிந்த படத்தை நிறுத்த முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1989-லேயே சொல்லியாகிவிட்டது. தடை போட்டது நினைவில் நிற்கிறது, எடுத்தது ஒருவருக்கும் நினைவில்லை. அம்மா தைரியமாகப் பார்க்கலாம். ஆனால் 'ஏ' படம், பையனுக்குப் பதினெட்டு ஆகிவிட்டதா?

ஆனந்தகிரி சிஎஸ்ஐ:
நாங்கள் வீட்டோடு உட்கார்ந்து பார்த்தோம். மரியா விஷயத்துக்கு எங்கள் பெரியம்மா அசையவே இல்லை, "சொல்லிட்டுப் போறான்" என்று வெற்றிலையை மடித்தார். ஆனால் படத்தில் கொலை செய்கிற சைலஸ் என்கிற துறவி தொடையில் முள் பட்டையை இறுக்கிக்கொண்டு தன்னையே சாட்டையால் அடித்துக்கொள்ளும் காட்சியில் எழுந்து உள்ளே போய்விட்டார். அதை முன்னாலேயே சொல்லிவிடுங்கள். அவன் சேர்ந்ததாகக் காட்டும் ஓபுஸ் தேயி என்ற கத்தோலிக்க அமைப்பில் துறவிகளே கிடையாது என்பது வேறு விஷயம்.

எனக்கு உண்மையில் உறுத்தியது அந்தக் கொலைகாரனை வெள்ளை முடி, வெளிறிய தோல் என்று வைத்ததுதான். எங்கள் தெருவில் பிறவியிலேயே நிறமி இல்லாத ஒரு தம்பி இருந்தான், மலை வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டே பள்ளிக்கூடம் போவான். படம் பார்த்த பையன்கள் அவனை சைலஸ் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள், பிளஸ் டூ முடிகிற வரை அதே பெயர்தான். அமெரிக்காவில் அந்தக் குறைபாடு உள்ளவர்களின் சங்கம் இதைத்தான் எதிர்த்தது. இயேசுவுக்கு வக்காலத்து வாங்க உலகம் முழுக்க ஆள் இருந்தது, அந்தத் தம்பிக்கு யார் இருந்தார்கள்?

மூஞ்சிக்கல்காரி:
எல்லாருக்கும் நன்றி. வக்கீல் சார், பையனுக்கு பத்தொன்பது. டீச்சர் எழுதியதை அம்மாவுக்கு அப்படியே வாசித்துக் காட்டினேன், 591 என்றதும் இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு, கரண்ட் இருந்தால், போடுகிறோம். சாட்டைக் காட்சி எத்தனையாவது நிமிடத்தில் வருகிறது என்று யாராவது சொன்னால் அதற்குள் காபி போடப் போய்விடுவாராம்.